பட்டன் டப்பாவும் பழுப்பு பாட்டில்களும்

"குடிச்சுக் குடிச்சு குடலே வெந்துபோச்சுன்னு நானா சொல்றேன்? தெருவே சொல்லுதும்மா" என்றாள் மாடிவீட்டம்மா. பின்பக்கம் புதிதாகக் குடிவந்த பெண்ணைப் படிக்கட்டில் நிறுத்திவைத்து அவள் சொல்லிக்கொண்டிருந்தது என் ஓரகத்தியைப் பற்றி. நான் கதவுக்கு உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"எந்தத் தெரு சொல்லுது? கூப்பிடுங்க அந்தத் தெருவை, நான் கேக்கறேன்."

"பாட்டிலை என் கண்ணால பார்த்தேனே. பழுப்பு பாட்டில். குப்பைக் கூடையில வாராவாரம்."

"பழுப்பு பாட்டில்ல வர்றதெல்லாம் சரக்கா? நீங்க பாத்ரூம் கழுவுற ஆசிட்டும்தான் பழுப்பு பாட்டில்ல வருது. அதை வெச்சு உங்களை நான் ஏதாவது சொன்னேனா?"

புதுப்பெண் சிரிப்பை மறைத்துக்கொண்டு நழுவிவிட்டாள். மாடிவீட்டம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறினாள். ஏறும்போதே, "நெருப்பில்லாமலா..." என்று ஏதோ ஆரம்பித்தாள். "காலைப் பார்த்து ஏறுங்க" என்றேன்.

ஓரகத்தி இந்த வீட்டை விட்டுப் போய் வருடங்கள் ஓடிவிட்டன. ஆள் இல்லாத இடத்தில் அவள் பேரை இழுத்தால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். எனக்கு எழுத்து தெரியாது, வாய் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதும்படி பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். அழகு பண்ணுகிறேன் என்று எதையும் மாற்றக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

அவள் என் கணவரின் தம்பி மனைவி. தெருவில் அவளுக்குப் 'பட்டன்' என்றுதான் பேர். சட்டைக் கம்பெனியில் பட்டன் தைப்பது அவள் வேலை. இப்போது எல்லாவற்றுக்கும் மெஷின் வந்துவிட்டது. அப்போது பட்டன் நுழைகிற ஓட்டையை, அதாவது காஜாவை, மட்டும் மெஷின் போட்டுத் தரும், பட்டனைக் கையால்தான் தைக்க வேண்டும். கொழுந்தன் லாரி ஓட்டப் போய்த் திரும்பாமல் போன பிறகு, கைக்குழந்தையாக இருந்த மகளை என் மடியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனவள் அவள். "அக்கா, நீங்க இதைப் பாருங்க, நான் அதைப் பாக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை. அதற்குப் பிறகு அந்த ஏற்பாட்டைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

சாயங்காலம் அவள் வரும்போது முதலில் மாவுக் கஞ்சியும் இஸ்திரி ஆவியும் கலந்த வாசனை உள்ளே வரும், பிறகுதான் அவள் வருவாள். பாக்கி வேலையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருப்பாள். ஜன்னலோரம் பலகையைப் போட்டு, சட்டைகளை மடியில் அடுக்கி, ரேடியோவை மெதுவாக வைத்துக்கொண்டு தைப்பாள். நான் அடுப்படியிலிருந்து பேசுவேன். அவள் வாயில் நூல் இருக்கும், அதனால் "ம்" என்பாள். அந்த "ம்"மிலேயே சரி, இல்லை, பொய் சொல்லாதீங்க அக்கா, எல்லாம் எனக்குப் புரியும். நூலைப் பல்லால் கடிக்கிற சத்தம் கேட்டால் ஒரு சட்டை முடிந்தது என்று அர்த்தம். இன்றைக்கும் சாயங்காலம் அந்த ஜன்னல் பக்கம் திரும்பினால் என் காது அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கிறது.

அவளிடம் ஒரு டப்பா உண்டு. பழைய பிஸ்கட் டப்பாதான். காலருக்குள் வைக்கிற அட்டையை வெட்டி, உள்ளே சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து வைத்திருந்தாள். வெள்ளை பட்டன் ஓர் அறை, கறுப்பு ஓர் அறை, பச்சைக்கு ஒன்று, இரண்டு ஓட்டை தனி, நான்கு ஓட்டை தனி. கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டால் கேட்ட பட்டன் கையில் வரும். என்னுடைய சாம்பல் நிற ஸ்வெட்டரில் ஒரே ஒரு பட்டன் மட்டும் நீலம். "இவ்வளவு பெரிய டப்பா வெச்சிருக்கே, எனக்கு ஒரு சாம்பல் பட்டன் இல்லையாடீ" என்று கேட்பேன். "பொருத்தமா கிடைக்கும் அக்கா, அவசரப்படாதீங்க" என்பாள். வருடக்கணக்காக இதையே சொன்னாள்.

சரி, வயிற்றுக்கு வருகிறேன்.

எத்தனை சட்டை முடிக்கிறாளோ அத்தனைக்குத்தான் கூலி. அதனால் கம்பெனியில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுவாள். சாப்பாட்டு டப்பாவில் நான் கட்டிக்கொடுத்த சோறு சாயங்காலம் பாதி அப்படியே திரும்பி வரும். காலையில் வெறும் டீ. விரல் மூட்டெல்லாம் வலி, ஊசி பிடித்துப் பிடித்து. அதற்குக் கடையில் வலி மாத்திரையை உதிரியாக வாங்கி, அந்த வெறும் டீயோடு விழுங்குவாள். "ஏதாவது சாப்பிட்டுட்டுப் போடுடீ" என்றால், "வயித்துக்கா வலிக்குது, விரலுக்குத்தானே" என்பாள்.

அப்புறம் வயிற்றுக்கும் வலித்தது. தொப்புளுக்கு மேலே ஓர் எரிச்சல். கையை அங்கே வைத்து அழுத்திக்கொண்டே பேசுவாள். தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனேன். வயிற்றில் புண் இருக்கலாம் என்றார், வலி மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார், அமிலம் குறைய மாத்திரை கொடுத்தார். என் ஓரகத்தி சொன்ன பேச்சு கேட்கிறவள். அன்றைக்கே வலி மாத்திரையை நிறுத்தினாள். டாக்டர் பேச்சைக் கேட்கவில்லை என்று மாடிவீட்டம்மா சொல்கிறாளே, அது பச்சைப் பொய். கேட்டாள். கேட்டதால்தான் வினையே வந்தது.

வலி மாத்திரையை நிறுத்தினால் விரல் சும்மா இருக்குமா? ஊசி கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. கம்பெனியில் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் நல்ல மனிதர். அந்த வேலையோடு கூடவே மூலிகைச் சத்து கேப்ஸ்யூல் வியாபாரமும் செய்துகொண்டிருந்தார். அவர் சொன்னார்:

"இது மாத்திரையே இல்லம்மா. செடி, கொடி, பட்டை. பக்க விளைவுன்னு ஒன்னு கிடையவே கிடையாது. என் மாமியாருக்கே கொடுக்கறேன்."

"மாமியாருக்குக் கொடுக்கறீங்கன்னா யோசிக்கணுமே மாஸ்டர்" என்றாளாம் இவள். எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்துவிட்டு வாங்கினாள்.

முதலில் மூட்டுக்குப் பச்சை கேப்ஸ்யூல். அடுத்து, வயிற்றுப் புண்ணுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, மஞ்சள் சத்து கேப்ஸ்யூல். பிறகு பூண்டு எண்ணெய் உருண்டை. எரிச்சலுக்கு அதிமதுரப் பொடி. ஜீரணத்துக்கு வேறொரு கடையிலிருந்து வேறொரு பச்சை கேப்ஸ்யூல். ஒவ்வொன்றும் பழுப்பு பாட்டிலில் வந்தது. அலமாரியில் இடம் ஏது? பாட்டிலைத் திறந்து கொட்டி, கேப்ஸ்யூலை எல்லாம் பட்டன் டப்பாவில் போட்டுவிட்டுப் பாட்டிலைக் குப்பையில் எறிந்தாள். அந்த டப்பாதான் எப்போதும் கையோடு இருக்கும், மறக்காமல் சாப்பிடலாம் என்பது அவள் கணக்கு. மஞ்சளுக்கு ஓர் அறை, உருண்டைக்கு ஓர் அறை. பச்சைக்கு ஓர் அறை.

இங்கேதான் அவள் சறுக்கினாள். ஒரே நிறம், ஒரே அளவு என்றால் அது ஒரே பட்டன். பட்டன்காரிக்கு வாழ்நாள் முழுக்க அதுதானே பாடம்! மூட்டுப் பச்சையையும் ஜீரணப் பச்சையையும் ஒரே அறையில் போட்டாள். மூட்டுக்கு ஒன்று, ஜீரணத்துக்கு ஒன்று என்று இரண்டை எடுத்து விழுங்குவாள். கையில் வந்தது எது எது என்று யார் கண்டது?

அந்தச் சமயத்தில்தான் தூரத்து ஊரிலிருந்து மகள் போன் செய்தாள். முழுகாமல் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, பிரசவத்துக்கு வர முடியாது. "அம்மா, நீ வந்துடுவேல்ல?" என்று அவள் கேட்டது போனுக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. "நான் வராம? தவழ்ந்தாவது வருவேன்" என்றாள் இவள். போனை வைத்துவிட்டு நேராகப் போய் மெல்லிய துணி எடுத்துக் குட்டிச் சட்டை தைக்க உட்கார்ந்தாள். ஒரு சட்டையிலும் பட்டன் இல்லை, எல்லாம் நாடா. "பட்டன்காரி பேரப்பிள்ளைக்குப் பட்டன் இல்லாத சட்டையா?" என்று கேலி செய்தேன். "பிஞ்சு வாயில எது போனாலும் முழுங்கிடும் அக்கா" என்றாள். பேரப்பிள்ளையின் வாய்க்குள் போவதில் அவ்வளவு ஜாக்கிரதை.

மாதம் ஏற ஏற இவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கினாள். வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாக இருக்கிறது என்று ஒரு நாள் சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "பொடி சாப்பிடறேன்ல, அந்தக் கலரா இருக்கும்" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருக்குத் தெரியும், அது உள்ளே கசிகிற இரத்தம் என்று! இதை வாசிக்கிற நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிக் கண்டால் பொடியின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒரு நாள் காலை டீ டம்ளரோடு எழுந்தவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். டம்ளர் உருண்டு மேஜைக்கு அடியில் போனது. வாந்தி எடுத்தாள். காப்பித்தூளைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருந்தது. என் கணவர் ஓடிப்போய் வண்டி பிடித்து வந்தார். வண்டியில் அவள் தலை என் தோளில். "அக்கா, மகளுக்குச் சொல்லாதீங்க" என்பதைத் தவிர வேறொன்றும் அவள் சொல்லவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், பேச்சும் அதே மாதிரி வெட்டு. ஊசி குத்தி, பாட்டில் மாட்டி, இவளுக்குக் கொஞ்சம் தெளிவு வந்ததும் கேட்டார்:

"வேற என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?"

"பிரஷர் மாத்திரை, அப்புறம் அமிலத்துக்குக் கொடுத்தது. அவ்வளவுதான்."

"வலி மாத்திரை?"

"அதை நிறுத்திட்டேன் டாக்டர். சத்தியமா."

பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் கேப்ஸ்யூல் மருந்தே இல்லை, மூலிகை. மூலிகையை மருந்தில் யார் சேர்ப்பார்கள்? ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

"இன்னும் இருக்கு டாக்டர். ஒரு டப்பா நிறைய இருக்கு."

"அக்கா! அதெல்லாம் மருந்தா? ஏன் மானத்தை வாங்கறீங்க?"

"மானம் அப்புறம் வாங்கிக்கலாம்டீ, முதல்ல உயிரை வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் மூடியைத் திறந்தார். பட்டனும் கேப்ஸ்யூலும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. மேலாக இருந்த வெள்ளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது எதுக்கும்மா?"

"அது முழுக்கைச் சட்டைக்கு டாக்டர்" என்றாள் ஓரகத்தி.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். டாக்டருக்கும் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டு பச்சையை எடுத்தார்.

"இது?"

"அது மூட்டுக்கு."

"இது?"

"அது... ஜீரணத்துக்கு."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே. எதை வெச்சுப் பிரிச்சீங்க?"

இவள் டப்பாவையே பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"எந்தக் கம்பெனி, உள்ள என்ன போட்டிருக்காங்க, எதுவும் தெரியாம நான் எப்படி முடிவு பண்றது? பாட்டில் எங்கே?"

பாட்டில் எங்கே! குப்பையில். குப்பை எங்கே? வண்டி அள்ளிக்கொண்டு போயிருக்கும். நான் வீட்டுக்கு ஓடிவந்து குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினேன். ஒன்றுமில்லை. படிக்கட்டில் நின்று மாடிவீட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன தேடறீங்க?"

"பழுப்பு பாட்டிலு."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. உள்ளே போனாள். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பைக்குள் கலகலவென்று சத்தம். அத்தனையும் எங்கள் வீட்டுக் குப்பையிலிருந்து அவள் பொறுக்கிச் சேர்த்தவை! ஒரு நாள் என் கணவரிடம் கொண்டுவந்து கொட்டி, "பாருங்க உங்க தம்பி பெண்டாட்டி லட்சணத்தை" என்று சொல்லத்தான் சேர்த்து வைத்திருந்தாளாம். இதை அவளே என்னிடம் சொன்னாள். திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தார். மூட்டுக் கேப்ஸ்யூலில் ஒரு மரப்பட்டைச் சாறு. அது வலி மாத்திரைக்கு அக்கா தங்கை மாதிரியாம், வயிற்றையும் அதே மாதிரி புண்ணாக்குமாம். "முன்வாசல்ல துரத்தினதைப் பின்வாசல்ல உள்ள விட்டிருக்கீங்க" என்றார். இரண்டு பச்சையில் சில நாள் இரண்டுமே அதுவாக இருந்திருக்கும், அப்போது இரட்டை அளவு. மஞ்சள் சத்தும் பூண்டு எண்ணெயும் அவ்வளவு அடர்த்தியாகச் சாப்பிட்டால், கசிகிற இரத்தம் சீக்கிரம் உறையாமல் போகலாமாம். அதிமதுரம் பிரஷரை ஏற்றிவிடுமாம், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள் கேட்காமல் தொடவே கூடாதாம். கடைசியாக ஒரு பாட்டிலைக் காட்டினார். அதில் உள்ளே என்ன இருக்கிறது என்றே போடவில்லை, ஒரு பூப்படம் மட்டும். "இந்த மாதிரியில சொல்லாம எதையாவது கலந்திருப்பாங்க. நல்லா வேலை செய்யுதுன்னு நீங்களும் நம்புவீங்க" என்றார்.

நான் சும்மா இருப்பேனா?

"அப்போ சமையல்ல நான் இஞ்சி மஞ்சள் போடறதும் தப்பா? எங்க அம்மா காலத்துலேர்ந்து போடறோம்."

"சமையலுக்குப் போடறது ஒரு சிட்டிகை. எவ்வளவோ கிழங்கோட சத்தைப் பிழிஞ்சு ஒரு கேப்ஸ்யூல்ல அடைச்சு, வெறும் வயித்துல தினமும் முழுங்கறது வேற கதை. செடியில இருந்து வந்தாலும் வேலை செஞ்சா அது மருந்துதான், பாட்டி. வேலை செய்யாதுன்னா எதுக்குச் சாப்பிடணும்?"

அப்போது நான் பாட்டி வயதே இல்லை. அதைத் தவிர அவர் சொன்ன மற்றதெல்லாம் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது, ஒரு கிருமியும் இருந்தது. கசிந்த இடத்தை அங்கேயே அடைத்தார்கள், இரத்தம் ஏற்றினார்கள். கிருமிக்குக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் விடக் கூடாது, வலி போய்விட்டது என்று நிறுத்தக் கூடாது என்று அந்த டாக்டர் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டாக்டர், என் பொண்ணுக்குப் பிரசவம். நான் போகலாமா?"

"திரும்பக் குழாய் விட்டுப் பார்ப்பேன். ஆறியிருந்தா போகலாம். ஆறலைன்னா அனுப்ப மாட்டேன். அங்க போய் நீங்க விழுந்தா, உங்க பொண்ணு யாரைப் பார்ப்பா? குழந்தையையா, உங்களையா?"



வீட்டுக்கு வந்த பிறகு நான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தேன். காலையில் டீக்கு முன்னால் ரொட்டி. மத்தியானச் சாப்பாட்டைக் கம்பெனிக்கு நானே கொண்டுபோய், அவள் முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். "உங்க அக்கா சூப்பர்வைசருக்கு மேல" என்று பெண்கள் கேலி செய்தார்கள். செய்துகொள்ளட்டும். விரல் வலிக்கு வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்காருவாள். அப்போது நூல் வாயில் இருக்காது, அதனால் நிறையப் பேசுவாள். அந்த நாட்களில்தான் நாங்கள் அதிகம் பேசினோம் என்று நினைக்கிறேன். கொழுந்தன் அவளைப் பெண் பார்க்க வந்தபோது சட்டையில் ஒரு பட்டன் இல்லாமல் வந்தானாம். "அதைப் பார்த்ததுமே, இந்த ஆளுக்கு நான் தேவைன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள். எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதற்கு முன்பு எனக்கு அது தெரியாது.

கட்டிங் மாஸ்டர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா கொடுத்தேன்."

"நல்லதுன்னு நெனச்சுத்தான் மாஸ்டர் நானும் முழுங்கினேன். இனிமே யாருக்குக் கொடுத்தாலும் முதல்ல வயிறு எப்படின்னு கேளுங்க. வேற என்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு கேளுங்க. டாக்டர்கிட்ட காட்டிட்டு வரச் சொல்லுங்க. உங்க மாமியாரையும் சேர்த்துத்தான்."

"அவங்களை நான் சொன்னா கேக்கவா போறாங்க" என்று பெருமூச்சு விட்டார் மாஸ்டர்.

இதற்கு நடுவில் மாடிவீட்டம்மாவின் வதந்தி ஊர் தாண்டியது. அவளுடைய அக்கா மகனுக்கு வேலை சம்பந்தி வீட்டு ஊரில். எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு நாள் சம்பந்தியம்மா போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"உடம்பு சரியில்லாதவங்க எதுக்குச் சிரமப்பட்டு வரணும்? பிரசவத்தை நாங்களே பார்த்துக்கறோம்."

ஓரகத்தியின் முகம் ஆஸ்பத்திரியில் டப்பாவைப் பார்த்தபோது ஆன மாதிரி ஆனது. நான் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"சம்பந்தி, நீங்க என்ன கேள்விப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியும். பாட்டில் உண்மை. உள்ள இருந்தது சரக்கு இல்ல, மூட்டுவலி கேப்ஸ்யூல்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். டப்பாவில் கலந்ததை, டாக்டரிடம் இல்லை என்றதை, தன் முட்டாள்தனத்தை, ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் தேன் போய்ச் சாதாரணக் குரல் வந்தது.

"அந்த மூட்டுக் கேப்ஸ்யூல்... பச்சையா இருக்குமா?"

"ஆமா."

"மூடியில செடிப் படம் போட்டு?"

"அதேதான் சம்பந்தி. ஏன்?"

"நான் தினம் அதைத்தான் சாப்பிடறேன். கொஞ்ச நாளா எனக்கும் எரியுது."

"இன்னைக்கே டாக்டரைப் பாருங்க. பாட்டிலைத் தூக்கிப் போட்டுடாதீங்க, கையோட எடுத்துட்டுப் போங்க" என்றாள் என் ஓரகத்தி. அதற்குப் பிறகு சம்பந்தியம்மாவிடமிருந்து அடிக்கடி போன் வந்தது. எப்போ வர்றீங்க, எப்போ வர்றீங்க என்று.

திரும்பக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அறைக்கு வெளியே பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து, "ஆறிடுச்சு. கிருமியும் போயிடுச்சு. அனுப்பலாம்" என்றார். உள்ளே போனேன். ஓரகத்தி படுக்கையில் உட்கார்ந்து, சேலைக்கு மேல் எப்போதும் போடுகிற சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள். காஜாவுக்குள் பட்டன் போகவே இல்லை. நான் போட்டுவிட்டேன்.

கிளம்புகிற அன்று காலை. குளிர். என் கணவர் வாசலில் நின்று, வண்டி வந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் கேட்காமல் மேஜையில் உட்கார்ந்து, நான் வைத்த தட்டை முழுவதும் காலி செய்தாள். மாத்திரைகளை அதனதன் பாட்டிலிலேயே, ஒட்டிய சீட்டோடு, தனித்தனிப் பை வைத்துத் தைத்த ஒரு துணி உறையில் போட்டிருந்தாள். மூலிகை ஒன்றும் அதில் இல்லை. "இனிமே ஏதாவது வேணும்னா ஒன்னே ஒன்னு, அதுவும் டாக்டர்கிட்ட காட்டிட்டு" என்றாள். பட்டன் டப்பாவை என் கையில் கொடுத்தாள். உள்ளே பட்டன் மட்டும்தான்.

வாசலுக்கு வந்தால் மாடிவீட்டம்மா படிக்கட்டில்.

"கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டேன். உங்களுக்குன்னு ஒன்னு எடுத்து வெச்சிருக்கேன்" என்று பைக்குள் கைவிட்டு, கழுவித் துடைத்த ஒரு பழுப்பு பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தாள். "உங்க பையில குறையக் கூடாது பாருங்க. அன்னைக்கு நீங்க சேர்த்து வெச்சதாலதான் நான் இன்னைக்குப் போறேன்." கிண்டலா, நன்றியா என்று மாடிவீட்டம்மாவுக்கு இன்றுவரை தெரியவில்லை. அதனால்தான், இவள் பேரப்பிள்ளையோடு அங்கேயே தங்கிவிட்டு இத்தனை வருடம் கழித்தும், படிக்கட்டில் நின்று பேசுகிறாள்.

வாசற்படியில் ஓரகத்தி என் பக்கம் திரும்பினாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தாள். நீலப் பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கீழே வைத்தாள். காலரில் எப்போதும் குத்தியிருக்கிற ஊசியை உருவினாள். டப்பாவை என் கையில் வைத்தபடியே திறந்து, விரலை விட்டு ஒரு பட்டனை எடுத்தாள். சாம்பல் இல்லை, பழுப்பு.

"இதுவும் பொருத்தமில்ல அக்கா. ஆனா விழாது."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நின்ற நிலையில் என் மார்புக்கு நேரே தலையைக் குனிந்து தைத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். அந்தச் சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பிடித்துக்கொள்ளாமல், மூச்சு வாங்காமல், வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.